பங்கு, முறை, கழிவு

நாற்பது பேர் சேர்ந்து மணிக்கணக்கில் போரிட்டு ஒரு டிராகனைக் கொல்கிறார்கள். 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் பெரிய எதிரிகளை வீழ்த்த அத்தனை பேர் வேண்டியிருந்தது. செத்த டிராகனிடம் கிடைப்பதோ ஒரு வாள், ஒரு கவசம் என்று இரண்டு மூன்று பொருள்கள். வாளை நாற்பதாக வெட்ட முடியாது. விற்றுக் காசாக்கிப் பிரிக்கவும் பெரும்பாலும் வழியில்லை. எடுத்தவரைவிட்டு அது பிறகு அகலாது. ஆக, ஒருவர் வாளோடு போவார், மற்றவர்கள் வெறுங்கையோடு போவார்கள். அவர்கள் அடுத்த கிழமையும் வந்தால்தான் அடுத்த டிராகன் சாகும்.

இதற்கு விளையாட்டுக் குழுக்கள், அவர்கள் மொழியில் ‘கில்ட்’கள், பல வழிகளைக் கண்டன. பகடை உருட்டி அதிக எண் விழுந்தவருக்குக் கொடுத்தார்கள். யாருக்கு உண்மையில் தேவை என்று கேட்டு, தேவையுள்ளவர்களுக்குள் மட்டும் உருட்டினார்கள். மூத்தவர்கள் நாலைந்து பேர் கூடித் தீர்மானிக்கும் சபைகளையும் அமைத்தார்கள். 1999இல் ‘எவர்க்வெஸ்ட்’ என்ற விளையாட்டில் ‘ஆஃப்டர்லைஃப்’ என்ற கில்ட் புள்ளிக் கணக்கு ஒன்றைத் தொடங்கியது. சண்டைக்கு வந்தவருக்கெல்லாம் புள்ளி. பொருள் வேண்டியவர் சேர்த்த புள்ளியைக் கொடுத்து வாங்கவேண்டும். அந்த விளையாட்டில் இருந்த இரண்டு டிராகன்களை முன்னிட்டு அதற்கு ‘டிராகன் கில் பாயின்ட்ஸ்’ என்று பெயர். சுருக்கமாக டி.கே.பி. பின்வந்த ஆண்டுகளில் பொருளியலாளர்களும் மானிடவியலாளர்களும் இதை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். அரசோ நீதிமன்றமோ கட்டாயப்படுத்தாமல், முகம் தெரியாத ஆட்கள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட பங்கீட்டு ஒழுங்கு என்பதுதான் அவர்களை ஈர்த்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர் இது; வழுக்கை ஆறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். கிணறு, வள்ளம், சிறுசேமிப்பு எல்லாமே பலர் கூடினால்தான் ஒப்பேறும் நிலை. கூடிய இடத்திலெல்லாம் பிரிக்கவேண்டியும் வந்தது. பிரிக்கக்கூடிய பொருளுக்குப் பங்கு, காலத்தால் மட்டும் பிரிக்கக்கூடியதற்கு முறை, பிரிக்கவே முடியாததற்குச் சீட்டும் கழிவும் என்று வழக்குகள் உருவாயின. இவற்றையும் கில்ட்களின் விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. எந்த வாய்ப்பாட்டில் பிரித்தார்கள் என்பதைவிட, எந்த அலகால் அளந்தார்கள், கணக்கு யார் கையில் இருந்தது, அதே ஆட்கள் மறுபடி கூடுவார்களா என்பவையே பங்கீட்டைத் தாங்கியும் இருக்கின்றன, கவிழ்த்தும் இருக்கின்றன.

எளிய வகை பங்கு இறைச்சி. அயலில் பத்துப் பன்னிரண்டு வீட்டார் காசு சேர்த்து ஒரு கிடாயை வாங்கி அடித்துப் பிரித்துக்கொள்வது. கடை இறைச்சியைப் போல நிறுத்துக் கொடுப்பதில்லை. ஓலையிலோ இலையிலோ பங்குகளைக் குவியலாக வைத்து, தொடைத் துண்டு, எலும்பு, ஈரல், கொழுப்பு என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் குவியலுக்கும் போடுவார்கள். ஒரு குவியலில் எலும்பு கூடிவிட்டால் இன்னொரு துண்டு சதை அங்கே போகும். சுற்றி நிற்பவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள். “அந்தப் பங்குக்கு ஈரல் காணாது” என்று ஒரு குரல் வரும். எது தன் பங்கு என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது என்பதால், அந்தக் குரல் பொதுநலக் குரலாக மாறிவிடுகிறது. நல்ல குவியல் யாருக்கும் போகலாம், மோசமானது தனக்கே வரலாம். ஆகவே எல்லாக் குவியலும் ஒத்திருப்பதில் எல்லாருக்கும் அக்கறை.

போலந்துக் கணிதவியலாளர் ஹியூகோ ஸ்டைன்ஹவுஸ் இதே சிக்கலை 1940களில் கணிதமாக்கினார். இருவருக்கு விடை பழையது: ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுப்பார். மூன்று பேருக்கு என்ன செய்வது என்று அவர் ஆராய்ந்தார். அவருடைய தோழர்கள் பனாக்கும் க்னாஸ்டரும் அதை எத்தனை பேருக்கும் பொருந்துமாறு விரித்தார்கள். 1948இல் அச்சேறிய அவருடைய கட்டுரையிலிருந்து ஒரு தனித்துறையே வளர்ந்தது. அதன் அடிப்படை நம் முற்றத்துக்கும் பொருந்தும்: பிரிக்கிறவருக்குத் தன் பங்கு எது என்று தெரியக்கூடாது, அல்லது அவர் கடைசியாக எடுக்கவேண்டும்.

கடற்கொள்ளையர்கூட இதை அறிந்திருந்தார்கள். 1724இல் இலண்டனில் வெளிவந்த ஒரு நூல் பார்த்தலொமியு ரொபேர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவனின் கப்பல் விதிகளைத் தருகிறது. தலைவனுக்கும் குவாட்டர்மாஸ்டருக்கும் இரண்டு பங்கு, பீரங்கிக்காரன் போன்றோருக்கு ஒன்றரை, சாதாரண மாலுமிக்கு ஒன்று. அக்காலக் கொள்ளைக் கப்பல்களில் பொதுவாகப் பங்கு பிரித்தவர் குவாட்டர்மாஸ்டர், அவரைத் தேர்ந்தெடுத்தது மாலுமிகள். சண்டையில் கட்டளையிடுகிறவன் கையில் பங்கீட்டையும் கொடுக்கவில்லை. தலைவரே சண்டையை நடத்தி, தலைவரே பொருளையும் கொடுத்து, அந்தப் பொருள் அவருடைய நண்பருக்கே போய்ச்சேர்ந்த கில்ட்கள் எத்தனையோ உடைந்திருக்கின்றன.

இறைச்சியில் எல்லாரும் ஒரே அளவு காசு போட்டவர்கள். வள்ளத்தில் அப்படியில்லை. ஒருவர் படகு போடுகிறார், ஒருவர் வலை போடுகிறார், இன்னொருவர் உடம்பைப் போடுகிறார். செலவு கழித்த வருமானத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, தொழிலுக்குப் போன ஆட்களுக்கு ஒரு பகுதி என்பதே குடாநாட்டுக் கரையோரத்தில் பொது வழக்கு. வீதம் இடத்துக்கு இடம், வலைக்கு வலை மாறும். முதலுக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்ற இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் முந்நூறு ஆண்டுப் பழைய எழுத்துச் சான்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய வழக்குச் சட்டமான தேசவழமை 1707இல் நிறைவுற்றது. பிறர் காணியில் தன் கன்றுகளை நட்டு வளர்த்தவனுக்குப் பலனில் மூன்றில் இரண்டு, காணிக்காரனுக்கு ஒன்று என்கிறது அது. கன்றைக் காணிக்காரனே கொடுத்திருந்தால் வீதம் மறுதலையாகும். நிலம், கன்று, உழைப்பு என்ற மூன்றையும் தனித்தனியே எடைபோட்ட சட்டம்.

வள்ளத்துப் பங்கில் முக்கியமானது செலவை முதலில் கழிப்பது. 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் போகிறவர்களுக்கு அது பேரிடி. பங்கு வீதத்தில் யாரும் கைவைக்காமலே சம்மாட்டியின், அதாவது படகுக்காரரின், வரும்படியும் தொழிலாளியின் வரும்படியும் சேர்ந்து சரிந்தன. வீதத்தின்படி இருவருக்கும் இழப்பு சமம்தான். ஆனால் படகுக்காரர் கடன்பட்டுச் சமாளிக்கலாம். அன்றாடம் பங்கெடுப்பவருக்கு அன்றைய உலையே கேள்வி. கறிக்கென்று எடுத்துக்கொள்ளும் மீனைக் கணக்கில் சேர்க்காத பழைய வழக்கத்தின் பெறுமதி இப்படிப்பட்ட நாட்களில்தான் தெரியும். கணக்குக்கு வெளியே கொஞ்சம் விட்டுவைக்காத பங்கீடு நெடுநாள் ஓடாது என்றே நினைக்கிறேன்.

இனிக் கிணறு. குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் தேங்கி, கடலிலிருந்து ஊறும் உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் அதை இறைக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். கோண்டாவில், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமாக இருக்கவில்லை. பலர் சேர்ந்து வெட்டினார்கள். பிறகு பிள்ளைகளுக்குள் பங்கு பிரிந்தது. அதனால்தான் யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் பரப்பும் எல்லையும் சொன்ன பிறகு, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று நொத்தாரிசு மறக்காமல் எழுதுகிறார். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நாலு பரப்புத் தோட்டத்தோடு கிணற்றில் எட்டிலொன்று என்றெல்லாம் வரும்.

பங்கு உறுதியில் பின்னமாக இருந்தாலும் தோட்டத்தில் அது நாளாகத்தான் நடைமுறைக்கு வந்தது. எட்டிலொன்று என்றால் எட்டு நாளுக்கு ஒருமுறை, அல்லது நாலு நாளுக்கு ஒருமுறை அரைநாள். துலாக் காலத்தில் இந்த அலகு பழுதில்லாதது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்தியில் தண்ணீர் மாற, அரைநாளில் எவ்வளவு இறைக்கலாம் என்பதை மனித உடம்பு தீர்மானித்தது. உங்கள் அரைநாளும் என் அரைநாளும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்.

1950களுக்குப் பிறகு நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது முறை மாறவில்லை, அரைநாள் அரைநாளாகவே இருந்தது. ஆனால் பெரிய இயந்திரம் வைத்தவரின் அரைநாள் கிணற்றை அடிமட்டுக்கும் இறக்கியது. அடுத்த முறைக்காரர் ஊறும்வரை காத்திருந்தார். கூட இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அந்த உவரில் எல்லாருக்கும் பங்கு உண்டு. விதியை யாரும் மீறவில்லை, சண்டை மட்டும் வந்தது. காலத்தை அளந்தால் தண்ணீரை அளந்ததாகும் என்ற பழைய சமன்பாடு அறுந்துபோனதை முறைக்கணக்கு கவனிக்கவில்லை.

கில்ட்களிலும் இதுவே நடந்தது. வந்திருந்த மணிநேரத்துக்குப் புள்ளி என்று வைத்தார்கள்; சண்டைபிடிக்காமல் கணினியைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவருக்கும் புள்ளி ஏறியது. அதற்குமேல் புள்ளிப் பெருக்கம். முன்னரே சேர்ந்தவர்களிடம் புள்ளி குவிந்துகிடக்க, புதியவர் எந்த ஏலத்திலும் வெல்ல முடியாமல் விலகினார்.

அலகு பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு இலங்கைத் தென்கரையின் மாவெல்ல ஓர் எடுத்துக்காட்டு. மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் ஆராய்ந்த இந்தக் கரைவலைக் கிராமத்தை எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய பொதுவள நூலில் விரிவாக எடுத்தாண்டார்; 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். மாவெல்லவில் கரையும் பருவமும் பொது, வலைகளுக்குச் சுழல்முறை. யாருக்கும் நல்ல நாள் மட்டும் வாய்க்காது, கெட்ட நாள் மட்டும் வாய்க்காது. இதைவிட நேர்மையான விதியை எழுதுவது கடினம். ஆனால் முறை வலைக்கு என்பதால், புதிதாக வலை கட்டியவருக்குப் புதிதாக ஒரு முறை. மீனின் விலை ஏற வலைகள் பெருகின; தொகையைக் கட்டுப்படுத்த அரசு விதித்த விதியைச் செல்வாக்குள்ளவர்கள் வளைத்தார்கள். கடைசியில் ஒவ்வொரு வலையும் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடந்தது. ஒஸ்ட்ரம் இதைத் தோல்விகளின் பட்டியலில்தான் சேர்த்தார்.

யாழ்ப்பாணக் கிணற்றின் பின்னமும் அந்தத் திசையில் போகக்கூடியதே. தாத்தாவின் நாலிலொன்று பேரர்களிடம் இருபத்து நாலிலொன்று ஆகும். வெங்காயம் இருபத்து நாலு நாள் தண்ணீருக்குக் காத்திருக்காது. இங்கே முறை முற்றாகச் சிதறாமல் தடுத்தவை பல: முறையை மாற்றிக்கொள்வது, குத்தகைக்கு விடுவது, ஒருவரின் பங்கை மற்றவர் வாங்கி ஒன்றாக்குவது. பங்கை விற்பவர் முதலில் கூட்டுப் பங்காளிகளுக்குச் சொல்லவேண்டும் என்ற தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை இதற்கு முதுகெலும்பு. 1947இன் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத் திருத்தி வகுத்தது. அந்நியரைத் தடுக்கும் சாதி, உறவு வேலியாகவும் அந்த உரிமை பயன்பட்டிருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. கூட்டத்தைக் காக்கும் விதி கூட்டத்துக்கு வெளியே யார் நிற்பது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. பல கிணறுகளில் பங்கைப் பற்றிய பேச்சே எழாமல், அள்ளவே விடாமல் தள்ளிவைக்கப்பட்ட சமூகங்களின் கதை பங்கீட்டு வரலாற்றின் ஓரக்குறிப்பல்ல. கிணற்றுக்கட்டில் யார் கால் வைக்கலாம் என்று முடிவான பிறகுதான் முறைக்கணக்கே ஆரம்பித்தது.

பிரிக்கவே முடியாத பொருளுக்கு வருவோம். டிராகனின் வாளுக்கு மிக நெருங்கியது சீட்டுப் பணம். பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் ரூபாய் கட்டினால் மாதம் ஒரு இலட்சம். அது ஒருவருக்கே போகவேண்டும். குலுக்கல் சீட்டில் திருவுளம் தீர்மானிக்கும், அது பகடை. சில சீட்டுகளில் தாச்சி, அதாவது சீட்டை நடத்துபவர், மகளின் சாமத்தியத்துக்கோ வைத்தியத்துக்கோ முட்டுப்பட்டவருக்கு முதலில் கொடுக்கும்படி மற்றவர்களைக் கேட்டுக்கொள்வார். அது தேவை பார்த்துக் கொடுப்பது. ஏலச் சீட்டில் கழிவு கேட்கவேண்டும். அவசரமுள்ளவர் பதினையாயிரம் கழிவுக்கு எடுத்தால் அவர் கைக்கு எண்பத்தையாயிரம். கழிந்த பதினையாயிரம் பத்தாகப் பிரிந்து ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு குறையும். இன்று தோற்றவர்கள் எல்லாரும் தோற்றதற்காகவே கொஞ்சம் பெறுகிறார்கள்.

கில்ட்களின் புள்ளிப் பெருக்கத்துக்கு மருந்தாக வந்த ‘சீரோ-சம்’ டி.கே.பி. ஏறக்குறைய இதன் மறுபதிப்பு. நாற்பது பேரில் ஒருவர் 39 புள்ளி கொடுத்து வாளை எடுத்தால், அந்த 39 மற்ற 39 பேருக்கும் ஒவ்வொன்றாகப் பிரியும். மொத்தப் புள்ளி எப்போதும் பூச்சியம்; புதிதாக எதுவும் அச்சடிக்கப்படுவதில்லை. வெறுங்கையோடு போனவர் உண்மையில் வெறுங்கையோடு போகவில்லை. இந்தக் கணக்கை அமெரிக்க இளைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்தபோது, யாழ்ப்பாணத்து ஆசிரியைகளும் சந்தை வியாபாரிகளும் அதை மாதாமாதம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வேறுபாடு தாச்சியில் இருக்கிறது. அவர் பெரும்பாலும் முதல் சீட்டைக் கழிவில்லாமல் எடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் அது சலுகை. ஆனால் எடுத்தவர் பிறகு கட்டாமல் ஓடினால் தாச்சி கட்டவேண்டும். அந்தப் பொறுப்புக்கான கூலி அது. எத்தனையோ தாச்சிகள் தாங்களே ஓடியும் இருக்கிறார்கள். சீட்டுக்கென்றே 1935இல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது, இருந்தும் முற்றத்துச் சீட்டுகளை நடத்தியது சட்டத்தைவிடத் தாச்சியின் முகம்தான். எந்தக் கில்ட்டிலும் அதிகாரி தன் சொந்தப் புள்ளியைப் பிணை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பங்கு பிரிக்கிறவர் நட்டத்துக்கும் பிணை நிற்கவேண்டும் என்ற விதி அங்கே இல்லாதது பெருங்குறை.

ஏலத்துக்கு ஒரு நச்சுப் பக்கமும் உண்டு. கில்ட்களில் புள்ளிக்குப் பதில் விளையாட்டுத் தங்கத்தாலேயே ஏலம் கேட்டு, சேர்ந்த தங்கத்தை வந்தவர்களுக்குச் சமமாகப் பிரிக்கும் முறை பரவியது; ஜி.டி.கே.பி. என்பார்கள். காகிதத்தில் அது ஏலச் சீட்டைவிடச் செப்பமானது. ஆனால் உழைத்துச் சேர்த்த தங்கமும், உண்மைக் காசுக்குக் கள்ளமாக வாங்கிய தங்கமும் ஏலத்தில் ஒரே நிறம். 2024 பெப்ரவரியில் வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் அந்த விளையாட்டின் ஒரு பதிப்பில் இந்த முறையையே தடைசெய்தது. வெளிக்காசு புகுந்தால் ஏலம் எப்படி நிறம் மாறும் என்று யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காணி விற்பனையில் புலம்பெயர்ந்தவர்களின் பவுணும் டொலரும் பிராங்கும் வந்து நின்றபோது, அதே ஒழுங்கையில் தோட்டம் செய்தவரால் பக்கத்துப் பரப்பைக் கேட்கவே முடியாமல் போனது. முன்கொள்வனவு உரிமை இருந்தது, வாங்கக் காசு இருக்கவில்லை.

போன ஆட்களைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. பல கில்ட்கள் புள்ளிகளுக்குத் தேய்மானம் வைத்தன: கிழமைக்குக் கிழமை எல்லாருடைய புள்ளியிலும் ஒரு வீதம் குறையும். வராதவருடையது கரைந்துகொண்டே போகும். தினமும் உழைப்பவருக்கு அது நியாயம். ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் போரால் வெளியேறிய சனம் தானாக வராமலிருந்தது அல்ல. காணிக்கும் இப்படியொரு தேய்மானம் உண்டு: இலங்கைச் சட்டத்தில் பத்தாண்டுத் தடையற்ற எதிருரிமை ஆட்சி காணியின் உரிமையை மாற்றிவிடக்கூடியது. 1871இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படி. 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு விதிவிலக்கு அளித்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தம் உரிமையை நாட முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்றது. தேய்மானத்தைக் கையால் நிறுத்திவைத்த சட்டம் என்று அதைச் சொல்லலாம்.

கூட்டுப் பங்காளிகளுக்குள் வேறொரு பழைய பாதுகாப்பும் உண்டு. 1911இல் கொரெயா எதிர் அப்புகாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் சொன்னபடி, ஒரு பங்காளி தனியாக வைத்திருப்பது மற்றப் பங்காளிக்காகவும் வைத்திருப்பதே. வெளிப்படையாக வெளியேற்றினாலன்றிக் காலம் ஓடாது. ஆகவே ரொறன்ரோவில் இருப்பவரின் எட்டிலொன்று உறுதியில் அப்படியே நிற்கிறது. ஊரில் இருப்பவர் எட்டு நாளும் இறைக்கிறார். தூர்வாருகிறார், இடிந்த கட்டைத் திருத்துகிறார், செலவையும் தனியே ஏற்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் வழக்கு நீள்கிறது.

கில்ட்கள் பின்னாளில் கண்ட ஒரு யோசனை இங்கே உதவும் என்று எனக்குப் படுகிறது. இ.பி.ஜி.பி. என்ற முறையில் உழைத்த புள்ளியும் எடுத்த பொருளின் புள்ளியும் இரண்டு தனிக் கணக்கு. இரண்டின் விகிதம்தான் முன்னுரிமையைத் தீர்மானிக்கும். கிணற்றிலும் உரிமையை ஒரு கணக்காகவும் முறையை வேறு கணக்காகவும் வைக்கலாம். உறுதியிலுள்ள பின்னம் தேயாது. ஆனால் முறை இறைப்பவருக்கு; தூர்வாரிய, கட்டிய செலவு, ஊரில் இல்லாதவரின் பங்கின்மேல் பற்றாக ஏறும்; திரும்பி வந்து முறை கேட்பவர் முதலில் அதைத் தீர்க்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பும்போது, காணியைப் பார்த்துக்கொள்ள மட்டுமன்றி முறையை யார் எடுப்பது, செலவை எப்படி எழுதுவது என்றும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள நொத்தாரிசுக்கு அதிக நேரம் எடுக்காது.